பழைய டீசல் ஜீப்பைப் புதுப்பித்து டர்போ பூட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1989ஆம் ஆண்டின் மஹிந்திரா எம்.எம். 540. பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் ஒன்பது ஆண்டுகள் நின்றிருந்த வண்டி. நான் பார்க்கப் போன அன்று பின் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மூன்று ஆண்டுகள் ஜீப்பை மனிதர் ஏறும் நிலைக்குக் கொண்டுவருவதிலேயே போயின. நான்காம் ஆண்டில்தான் டர்போ, அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி. அதன் பிறகு பெட்ரோல் பங்கிலும் கோயில் வாசலிலும் நிறுத்தும் இடத்திலெல்லாம் யாராவது வந்து இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த ஜீப்பில் இருப்பது என்ன எஞ்சின்? எல்லா மஹிந்திரா ஜீப்பும் ஒன்றுதானே?

இல்லை. டர்போ பற்றிப் பேசுமுன் தெரிந்துகொள்ள வேண்டியதே இதுதான். 1949இல் பம்பாய் மசகானில் வில்லிஸ் ஜீப்புகளை உதிரிகளாக இறக்கிப் பூட்டத் தொடங்கிய நிறுவனம், பிற்காலத்தில் இரண்டு வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த டீசல் எஞ்சின்களை ஜீப்புக்குள் வைத்தது. ஒன்று டிராக்டர் வழி. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டர் எஞ்சினிலிருந்து வளர்ந்தது. 'டிஐ' என்று நாம் சொல்லும் 2523 சிசி எஞ்சின் அந்த வம்சம். அதன் போர் (சிலிண்டரின் விட்டம்) 88.9 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 101.6 மில்லிமீட்டர். மில்லிமீட்டரில் பார்த்தால் விசித்திரமான எண்கள். அங்குலத்தில் போட்டால் மூன்றரைக்கு நான்கு. பிறப்பிடம் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் வாங்கிச் செய்த எக்ஸ்டிபி 4.90. நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர் என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. ஸ்ட்ரோக் 83. மொத்தம் 2112 சிசி. சுமார் 62 குதிரைத்திறன், 121 நியூட்டன் மீட்டர் இழுவை. எம்.எம். 540இல் இருப்பது இது. இதில் டீசல் நேராக பிஸ்டன் தலையில் விழாது. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன அறையில் பீய்ச்சப்பட்டு, அங்கே பற்றிக்கொண்டு, பிறகு சிலிண்டருக்குள் வரும். அதனால் சத்தம் மென்மை, புகை குறைவு, காலையில் ஹீட்டர் பிளக் இல்லாமல் கிளம்பாது. கம்ப்ரெஷன் விகிதம், அதாவது பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது, 22க்கு 1 வாக்கில் மிக உயரமாக இருக்கும்.

இங்கே நான் சொல்லும் எண்கள் இந்தப் பெஜோ எஞ்சினுக்கு. டிஐ வைத்திருப்பவர்களின் பாடு எளிது. அதே 2523 சிசி எஞ்சினை மஹிந்திராவே பின்னாளில் போலேரோவில் டர்போவோடு விற்றது. மேனிஃபோல்டும் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்) டர்போவும் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும்.

பெஜோ எஞ்சின் டர்போவைத் தாங்குமா?

அளவோடு போனால் தாங்கும். இதே எக்ஸ்டி குடும்பத்தின் 2304 சிசி எஞ்சினில் பெஜோவே 1979இல் டர்போ பூட்டி 604 காரில் விற்றிருக்கிறது. ஆனால் அவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்று கவனியுங்கள். டர்போ இல்லாமல் 70 குதிரைத்திறன் வாக்கில் கொடுத்ததை 80 ஆக்கினார்கள். செய்தவர்களே பத்துக் குதிரையோடு நிறுத்திக்கொண்டார்கள். நம் ஊர்ப் பட்டறையில் 'நூறு தாண்டிப் போகலாம் சார்' என்று யாராவது சொன்னால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஓடுகிற எஞ்சின்தான், புகை கொஞ்சம் இருக்கிறது. டர்போ போட்டால் சரியாகிவிடுமா?

சரியாகாது, சீக்கிரம் செத்துவிடும். எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். டர்போ நோய்க்கு மருந்து அல்ல. நல்ல எஞ்சினை இன்னும் நன்றாக இழுக்க வைக்கும். தேய்ந்த எஞ்சினின் தேய்மானத்தை வேகப்படுத்தும்.

முதலில் கம்ப்ரெஷன் சோதனை. டீசலுக்கான கேஜ் வேண்டும், பெட்ரோல் கேஜ் உடைந்துவிடும். ஹீட்டர் பிளக் துளையில் பொருத்தி, எஞ்சின் சூடாக இருக்கும்போது ஒவ்வொரு சிலிண்டராகப் பார்க்க வேண்டும். என் வண்டியில் முதல் நாள் வந்தவை சதுர சென்டிமீட்டருக்கு 27, 26, 19, 26 கிலோ. மொத்த எண்ணைவிட வித்தியாசம் முக்கியம். மூன்றாவது சிலிண்டர் மட்டும் ஏன் 19? துளையில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். எண் உயரவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அழுத்தம் ஏறியிருக்கும். ஏறவில்லை என்றால் வால்வு, அல்லது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் கேஸ்கட்.

ஹெட்டை இறக்கினோம். மூன்றாவது சிலிண்டருக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவே கேஸ்கட்டில் ஒரு சாம்பல் கோடு, பென்சிலால் இழுத்தது போல. அந்த வழியாகத்தான் அழுத்தம் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. கேஸ்கட்டை மாற்றிப் பூட்டினால் வேலை முடிந்தது என்று மெக்கானிக் கிளம்பத் தயாரானார். அவரைப் பிடித்து உட்காரவைத்து லைனரை அளக்கச் சொன்னேன்.

பிஸ்டன் ஓடும் உருளைக் குழாய்தான் லைனர். இந்த எஞ்சினில் லைனர்கள் தண்ணீரில் நிற்பவை. பிளாக்கின் மேல்மட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அவை எழும்பி நிற்க வேண்டும். அந்த எழும்பல்தான் கேஸ்கட்டைக் கடித்துப் பிடிக்கிறது. டயல் கேஜை வைத்து ஓட்டியபோது மூன்றாவது லைனர் மட்டும் மட்டத்துக்கே இறங்கியிருந்தது. லைனரை உருவினால், அதன் இருக்கையில் துருவும் சேறும் கலந்து கருப்பட்டிப் பாகு போல ஒரு படலம். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியதன் பலன். அந்த இருக்கையைச் சுத்தம் செய்து, சரியான கனத்தில் ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) வைத்து, ஹெட்டை லேத்தில் ஃபேஸிங் கொடுத்து, வால்வுகளுக்கு நடுவே வெடிப்பு இருக்கிறதா என்று சாயம் தடவிப் பார்த்து, பிறகுதான் பூட்டினோம். அன்று வெறும் கேஸ்கட்டோடு மூடியிருந்தால், டர்போ வந்த முதல் மாதத்திலேயே அது ஊதிக்கொண்டு போயிருக்கும்.

வாங்கும்போது எஞ்சினைத் தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும்?

ஆர்.சி. புத்தகத்தை. சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஜீப்புகளில் எஞ்சின் மாற்றுவது சட்டை மாற்றுவது போல நடந்திருக்கிறது. எஸ்டேட்டில் ஓடிய வண்டிகளில் புத்தகம் ஒரு எஞ்சினையும் பானட் இன்னொன்றையும் காட்டும். அதைச் சரிசெய்ய நீங்கள் அலையும் அலைச்சலில் இன்னொரு ஜீப்பே வாங்கிவிடலாம்.

அடுத்தது சேஸிஸ். ஸ்டியரிங் பெட்டி பூட்டியிருக்கும் இடத்தைச் சுற்றியும் பின் ஸ்பிரிங் தொங்கும் இடத்திலும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். வெடிப்பும் பழைய வெல்டிங்கும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பாடித் தகட்டின் துருவுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். நம் ஊர் டிங்கர் கைக்கு அது ஒரு வார வேலை. தகட்டின் மேல் தகடு வைத்து மூட மட்டும் விடாதீர்கள். துருப்பிடித்ததை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு மழைக்காலத் தண்ணீர் போதும், மறுபடி முதலிலிருந்து தொடங்க.

டர்போ மலையில் உண்மையிலேயே வித்தியாசம் காட்டுமா? சமவெளியில் ஓட்ட அவசியமா?

சமவெளியில் ஓட்ட அவசியமில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மலையில் கதை வேறு.

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கீழே இருப்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்கும் சொச்சமும்தான். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் ஐந்தில் ஒரு பங்கு காற்றைக் குறைவாக வாங்குகிறது. பழைய டீசல் பம்புக்கு இது தெரியாது, கீழே கொடுத்த அதே டீசலைத்தான் கொடுக்கும். காற்று குறைய, டீசல் குறையாமல் போக, மிச்சம் கறுப்புப் புகை. ஏற்கெனவே 62 குதிரை, அதில் ஐந்தில் ஒன்று போனால் ஐம்பது. வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் அடிக்கும். ஒதுங்கவும் இடமிருக்காது, வேகமெடுக்கவும் தெம்பிருக்காது.

வெளியே போகும் புகையின் சக்தியால் ஒரு விசிறியைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள விசிறியால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதுதான் டர்போ. 1905இல் ஆல்ஃபிரட் பியூஷி என்ற சுவிஸ் பொறியாளர் காப்புரிமை வாங்கிய யோசனை. மலையில் இழந்த காற்றை அது திருப்பித் தருகிறது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். முன்பு அதில் பாதிக்குமேல் முதல் கியர். இப்போது பெரும்பாலும் இரண்டாவது. எனக்கு அவ்வளவே வேண்டியிருந்தது.

எந்த டர்போ வாங்குவது?

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், காற்றைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். கணக்கு கடினமில்லை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை இழுக்கிறது. 2.112 லிட்டரில் பாதி, நிமிடத்துக்கு 3500 சுற்று: சுமார் 3700 லிட்டர். முழுதாக நிரம்பாது, 85 சதவீதம் என்று வைத்தால் 3140 லிட்டர். நம் ஊர் 35 டிகிரி வெயிலில் அது 3.6 கிலோ காற்று. அரை பார் பூஸ்ட் (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்) கொடுத்தால் நிமிடத்துக்கு 4.5 கிலோ வாக்கில். இந்த அளவில் திறமையாக ஊதும் சின்ன டர்போதான் வேண்டும். இரண்டு, இரண்டரை லிட்டர் டீசல் வண்டியிலிருந்து வந்தது பொருந்தும். 1998இல் வந்த முதல் டாடா சஃபாரியின் 1948 சிசி டர்போ எஞ்சினும் இதே போல அறைக்குள் டீசல் பீய்ச்சும் வகைதான் என்பதால், அந்த அளவு டர்போவை ஓர் உதாரணமாக வைத்துக்கொள்ளலாம்.

லாரி டர்போ மலிவாகக் கிடைக்கிறது என்று தூக்கிவராதீர்கள். 3000 சுற்றுக்குக் கீழே அது தூங்கும். ஜீப் வாழ்வதே 3000 சுற்றுக்குக் கீழேதான்.

பழையது வாங்கினால் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம், அது ஆயில் படலத்துக்கான இடைவெளி. முன்னும் பின்னும் உணரக்கூடிய ஆட்டம் இருந்தால் வைத்துவிடுங்கள். இறக்கை விளிம்பு டர்போ கூட்டின் உட்சுவரில் உரசிய தடம் இருந்தாலும் அப்படியே. சென்னையைச் சேர்ந்த டர்போ எனர்ஜி 1980களிலிருந்தே டர்போ செய்கிறது. அதனால் உள்ளுறுப்புக் கிட்டுகளுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை.

பூட்டும்போது அதிகம் தவறு நடப்பது எங்கே?

ஆயில் திரும்பும் குழாயில். இதில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

டர்போ தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது பேரிங்கில் பாயும் எஞ்சின் ஆயில் மட்டுமே. உள்ளே போகும் குழாய் மெல்லியது, அழுத்தத்தோடு போகிறது. ஆயில் அழுத்த சென்சார் இருக்கும் இடத்திலிருந்து ஒரு 'T' வடிவ இணைப்பு போட்டு எடுத்துவிடலாம். எல்லோரும் இதைக் கவனமாகச் செய்கிறார்கள். வெளியே வரும் குழாயில்தான் அலட்சியம். வெளியே வரும் ஆயிலில் அழுத்தம் இல்லை. நுரைத்த மோர் போல, தன் எடையால் மட்டுமே வழிந்து, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்குப் போக வேண்டும். குழாய் விரலளவு தடிமனாவது இருக்க வேண்டும், எங்கும் மேலேறக் கூடாது, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும்.

என் வண்டியில் முதலில் வேலை செய்த பட்டறையில் அந்தக் குழாயை முன் ஆக்சிலுக்கு இடம்விட்டு அழகாக வளைத்து, சம்ப்பின் அடிப்பகுதியில் சேர்த்திருந்தார்கள். ஆயில் மட்டத்துக்குக் கீழே. வெள்ளோட்டத்துக்கு ஆழியாறு சாலையில் போனேன். ஐந்தாவது வளைவு தாண்டியதும் கண்ணாடியில் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. நீலப் புகை, கொசு மருந்து அடிக்கும் வண்டி போல. போக இடமில்லாத ஆயில் டர்போவின் சீலைத் தாண்டி எக்ஸாஸ்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. 'டர்போ போய்விட்டது, வேறு வாங்குங்கள்' என்றார்கள். டர்போவுக்கு ஒன்றுமில்லை. சம்ப்பை இறக்கி, மேல் ஓரத்தில் புதுத் துளை போட்டு, 16 மில்லிமீட்டர் குழாயை நேராக இறக்கியதும் அதே டர்போ இன்றுவரை ஓடுகிறது. நீலப் புகையைப் பார்த்ததும் டர்போவைக் கழற்றாதீர்கள், முதலில் இந்தக் குழாயைப் பாருங்கள்.

மேனிஃபோல்டு பற்றி ஒரு வரி: கனத்த பட்டைத் தகட்டில் ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) வெட்டுங்கள், வெல்டிங் முடிந்து ஆறிய பிறகு லேத்தில் மட்டம் பிடியுங்கள். வெல்டிங் சூட்டில் ஃபிளேஞ்ச் வளையாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

எவ்வளவு பூஸ்ட்? பம்பு ஸ்க்ரூவை எவ்வளவு திருப்புவது?

பூஸ்ட் அரை பார். கம்ப்ரெஷன் 22க்கு 1 இருக்கும் எஞ்சினில் அதற்கு மேல் போனால் ஹெட் கேஸ்கட்டிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

டீசல் பம்பு எவ்வளவு டீசல் கொடுக்க வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைப்பதுதான் பம்பு ஸ்க்ரூ. இந்த விஷயத்தில் பெட்ரோல் வண்டி அனுபவத்தை மறந்துவிடுங்கள். பெட்ரோலில் எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும். டீசலில் நேர்மாறு: டீசல் கூடக் கூடச் சூடு ஏறும், காற்று கூடினால் இறங்கும். வெறும் டர்போவைப் பூட்டி, பம்பைத் தொடாமல் விட்டால் புகை குறையும், எஞ்சின் குளிர்ச்சியாகக்கூட ஓடும், ஆனால் இழுவை பெரிதாகக் கூடாது. இழுவை டீசலில் இருக்கிறது. அங்கேதான் ஆசை வந்து உட்காரும்.

அந்த ஆசைக்குக் கடிவாளம் ஒரு வெப்பமானி. டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் துளை போட்டு ஒரு தெர்மோகப்பிளைப் பூட்டி டேஷ்போர்டில் மீட்டரை வையுங்கள். டர்போவுக்குச் செலவழித்துவிட்டு இந்த மீட்டருக்குக் கணக்குப் பார்ப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை. முழு ஆக்ஸிலரேட்டரில், நீண்ட ஏற்றத்தில், 700 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஸ்க்ரூவைத் திரும்பக் குறையுங்கள். எட்டில் ஒரு சுற்று திருப்புவது, ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பது, மீட்டரைப் படிப்பது, மறுபடி எட்டில் ஒன்று. நான் மொத்தம் அரைச் சுற்றுக்கும் குறைவாகத்தான் திருப்பினேன். அதற்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

அதற்கு முன்பு டீசலைப் பீய்ச்சும் நாசில்களையும் பம்பையும் கலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்துவிடுங்கள். ஒரு நாசில் பீய்ச்சாமல் ஒழுகினால், அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் மட்டும் தனியாக உருகும். மீட்டர் நான்கின் சராசரியைத்தான் காட்டும்.

இன்டர்கூலர் கட்டாயமா?

டர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்றைக் குளிர்விப்பதுதான் இன்டர்கூலர். அரை பாருக்குக் கட்டாயமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 35 டிகிரி காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கும்போது அது 90 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரிந்துவிடுவதால், ஒன்றரை மடங்கு அழுத்தம் கொடுத்தும் கிடைப்பது 26 சதவீதம் கூடுதல் காற்றுதான். இன்டர்கூலர் அதை 55 டிகிரிக்கு இறக்கினால் 41 சதவீதம். எக்ஸாஸ்ட் சூடும் இறங்கும். ஜீப்பின் முகத்தில் அதற்கு இடம் தேடுவதுதான் தொல்லை. ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் ரேடியேட்டருக்குக் காற்று குறையும். நான் வைக்கவில்லை.

எஞ்சின் சூடாகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்கிறார்கள். கழற்றலாமா?

கூடாது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சமவெளியில் எப்போதும் குளிர்ந்தே ஓடி லைனரைத் தேய்க்கும், மலையில் சூடாவதை ஒரு கால்மணி நேரம் தள்ளிப்போடும், அவ்வளவே. ரேடியேட்டரைக் கழற்றி, தொட்டிகளைத் திறந்து, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். முடிந்தால் இன்னொரு வரிசைக் குழாயோடு புதுக் கோர். ஃபேனைச் சுற்றியிருக்கும் கூண்டு பெரும்பாலான ஜீப்புகளில் காணாமல் போயிருக்கும். அது இல்லாமல் ஃபேன் காற்றைச் சுற்றிச் சுற்றிக் கடைகிறது, இழுப்பதில்லை. கூலன்ட் கலக்காமல் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். கருப்பட்டிப் பாகை மேலே சொன்னேன்.

கிளட்ச், கியர்பாக்ஸ் தாங்குமா?

கிளட்ச்சைப் புதிதாகப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். நான்கு கியர் பெட்டி 121 நியூட்டன் மீட்டருக்குப் பழகியது. மெதுவாகக் கூடும் இழுவையை அது பொறுத்துக்கொள்ளும், கிளட்ச்சைப் படாரென்று விட்டால் பொறுக்காது. லோ கியரில் டிரான்ஸ்ஃபர் பெட்டி இழுவையை மேலும் இரண்டரை மடங்கு வாக்கில் பெருக்குகிறது என்பதை மறக்க வேண்டாம். சேற்றில் மாட்டிக்கொண்டு ஆத்திரத்தில் மிதித்தால் உடைவது எஞ்சின் அல்ல, ஆக்சில் தண்டு.

பிரேக்?

டர்போவுக்கு முன்பே முடித்திருக்க வேண்டிய வேலை. நான்கு சக்கரத்திலும் டிரம், பல வண்டிகளில் மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர் கிடையாது. டீசல் எஞ்சினின் இன்டேக்கில் வெற்றிடம் உண்டாவதில்லை என்பதால், பூஸ்டர் வைத்தால் தனியாக வேக்குவம் பம்பு வேண்டும். ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து வருவதைப் பூட்டிக்கொள்ளலாம். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்றிக்கொள்பவர்கள் பலர், நானும் மாற்றினேன். ஏறும்போது 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறிய வண்டி 35இல் ஏறுகிறது என்று மகிழ்கிறோம். அதே வண்டி அதே மலையை இறங்கவும் வேண்டும்.

சட்டப்படி இது செல்லுமா?

நேரான பதில்: கேட்காமல் செய்தால் செல்லாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்திலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. எஞ்சின் மாற்றுவதற்கு முன்அனுமதி வேண்டும். டர்போ போன்ற மாற்றத்துக்கு, வேலையைத் தொடங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். 'யாரும் பானட்டைத் திறந்து பார்க்க மாட்டார்கள்' என்பது விபத்து நடக்காதவரை உண்மை. நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் சர்வேயர் திறந்து பார்ப்பார்.

பதினைந்து ஆண்டு தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், புகைச் சான்றும் வேண்டும். பழைய டீசல் வண்டிக்குப் புகை வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு). இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தச் சோதனையில் வண்டி நின்ற இடத்தில்தான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார்கள். சுமை இல்லாததால் டர்போ எழும்பாது, பம்பு மட்டும் டீசலைக் கொட்டும். ஸ்க்ரூவை அளவுக்கு மீறித் திருப்பியவர்கள் மலையில் புகையில்லாமல் ஓட்டிவிட்டுச் சோதனை மையத்தில் கறுப்பாக நிற்பது இதனால்தான். பூஸ்ட் வந்த பிறகே டீசலைக் கூட்டும் அமைப்பு உள்ள பம்பு கிடைத்தால் விடாதீர்கள்.

இவ்வளவு பாட்டுக்குப் பதில், கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் நவீன காமன்ரெயில் டீசல் எஞ்சினை இறக்கிவிடலாமே?

இறக்கலாம். வயரிங், கம்ப்யூட்டர், சென்சார், அனுமதி என்று நீளும், இழுவை இரண்டு மடங்காகும், அதற்கேற்ற கியர்பாக்ஸும் ஆக்சிலும் தேடவேண்டி வரும். கடைசியில் நம்மிடம் இருப்பது ஜீப் சட்டை போட்ட வேறொரு வண்டி. பலருக்கு அது பிடிக்கிறது. எனக்கு, நடுக்காட்டில் நின்றால் ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் கம்பியும் வைத்துக் கிளப்பிவிட முடிகிற எஞ்சின்தான் வேண்டும்.

இப்போதைய டீசல் பழைய பம்பைக் கெடுக்குமா? 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் பைக்குக்கு ஊற்றும் ஆயில்) கலக்கச் சொல்கிறார்களே?

2020 ஏப்ரலிலிருந்து வரும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். கந்தகத்தை எடுக்கும்போது மசகுத்தன்மையும் குறையும் என்பது உண்மை, ஆனால் அதை ஈடுசெய்யும் சேர்மானத்தோடுதான் பங்குக்கு வருகிறது. நான் ஒன்றும் கலப்பதில்லை. பம்பின் பழைய ரப்பர் சீல்கள் சுருங்கி ஒழுகுவது வேறு விஷயம். கலிபரேஷன் செய்யும்போது புது வகை சீல்களாக மாற்றச் சொன்னால் முடிந்தது.

மைலேஜ் கூடுமா?

வலதுகால் பழையபடி இருந்தால் கொஞ்சம் கூடும். இருக்காது.

ஓட்டும் பழக்கத்தில் எதை மாற்ற வேண்டும்?

ஏற்றம் முடிந்து நிறுத்தியதும் சாவியைத் திருகாதீர்கள். டர்போ உள்ளே தகதகவென்று சிவந்திருக்கும். எஞ்சின் நின்றால் ஆயிலும் நிற்கும், நின்ற ஆயில் அங்கேயே கருகிக் கரியாகும். ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். ஆயிலை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

யாரோ ஏற்கெனவே டர்போ பூட்டிய ஜீப் விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

முதலில் டேஷ்போர்டில் எக்ஸாஸ்ட் வெப்ப மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த எஞ்சின் எவ்வளவு சூட்டைப் பார்த்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து தலைகீழாகத் துளைமேல் வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை, தூக்கி எறிந்தால் ரிங் போய்விட்டது. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது திறந்து, ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் தொடர்ந்து குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஹெட் கேஸ்கட். இன்டேக் குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டால் கொஞ்சம் ஆயில் ஈரம் இருக்கும், அது இயல்பு. விரலிலிருந்து சொட்டினால் இயல்பு அல்ல. கடைசியாகப் பம்பைப் பாருங்கள். ஸ்க்ரூவின் சீல் அறுந்திருப்பது ஒன்றுமில்லை, எனதும் அறுந்ததுதான். அதன் தலை பலமுறை திருகித் திருகி உருண்டு தேய்ந்திருந்தால், விலையில் ஒரு எஞ்சின் வேலைக்கான பணத்தைக் குறைத்துக் கேளுங்கள்.